மூடியில் ஒரு துளை

குருநாகலிலிருந்து கொழும்புக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் வரக்காபொலையில் எழுந்து, பின்னால் போய் நின்றுகொண்டார். இருக்கை காலியாக இருக்கும்போதே ஒரு மனிதர் நிற்பதென்றால் காரணம் இருக்க வேண்டும். காரணம் என் மடியில் இருந்த பை. அதற்குள் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு வட்டக் கேஸ்கட்டும், ஒரு சாண் நீள றப்பர்க் குழாயும் இருந்தன. இரண்டும் எங்கள் மொறிஸ் மைனர் காரின் பெற்றோல் தாங்கியிலிருந்து கழற்றியவை. மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகும் மணம் போகவில்லை.

புறக்கோட்டையில் இறங்கிய பிறகு அந்தப் பை யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை. அங்கே மணங்களுக்கு என்ன குறை? நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் மூட்டை இறக்கினால் தெருவே தும்மும். காபோஸ் லேனுக்குள் நுழைந்தால் ஆயுர்வேத மூலிகைக் கடைகளின் வேர்களும் பட்டைகளும் காய்ந்த மணம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளியில் லுஹர் தொழச் சென்றபோதுதான் சிக்கல் வந்தது. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த, சிவப்பும் வெள்ளையுமாக வரியிட்ட அந்தப் பள்ளியைப் படம்பிடிக்க வெள்ளைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அவர்களைக் கடந்து உள்ளே போகுமுன் பையை என்ன செய்வதென்று யோசித்தேன். வெங்காயம் தின்ற வாயோடு பள்ளிக்கு வராதீர்கள் என்று கேட்டு வளர்ந்தவன். பெற்றோல் மணக்கும் பையோடு எப்படிப் போவது? எதிர்க் கடைக்காரரிடம் "கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கோ நானா" என்று கொடுத்தேன். வாங்கியவர் மூக்கைச் சுருக்கினார். "கார்ச் சாமானா, வேறேதுமா?" என்று கேட்டார். கேட்பது நியாயம்தான். அந்தத் தெருக்கள் பல காலம் கண்டவை.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வாப்பாவின் கார். வாப்பா அதை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கி, நாங்கள் பிறக்குமுன்பே ஊரில் ஹயருக்கு ஓடத் தொடங்கிவிட்டார். எண் தகட்டில் ஸ்ரீ எழுத்து. அந்த எழுத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்தது. இந்நாட்டில் 1977க்கு முன்பு கார் இறக்குமதி என்பது பெயரளவில்தான் இருந்தது. ஆகவே ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வந்திறங்கிய ஆங்கிலேயக் கார்களைத்தான் மனிதர்கள் தைத்தும் ஒட்டியும் வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பழகிய கைகள் பிறகு வேறொரு வேலைக்கும் உதவின. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், தொண்ணூறுகளில் அந்தக் காருக்கான தகடுகளை இலங்கையின் தென்பகுதியில் செய்வித்து அங்கே வரவழைத்தார். அவர்கள் செய்ததை மறந்தபோது நம்மவர்கள் செய்து கொடுத்தார்கள். இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ் பிறந்ததும் இங்கிலாந்தில் அல்ல, அன்றைய உதுமானிய ஆட்சியிலிருந்த இஸ்மீரில். வாப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம கார்தான்" என்று சிரித்தார்.

ஊரில் அந்தக் காரில் ஏறாத குடும்பம் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு, பாம்பு கடித்ததற்கு, மாப்பிள்ளை பார்க்க, மையித்து வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஏறியவர்கள் எல்லோருக்கும் அதன் மணமும் தெரியும். வாப்பாவின் சேட்டிலும் அதே மணம்தான். உம்மா அவருடைய உடுப்புகளை வேறாகத் துவைப்பா. அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயமும் கலந்திருந்தது. 2002இல்தான் இலங்கையில் அது நின்றது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். நாங்கள் பிள்ளைகள் பின் ஆசனத்தில் நெருங்கிக்கொண்டு என்னத்தைச் சுவாசித்தோம் என்பதை நினைத்தால் இப்போது ஒரு மாதிரி இருக்கும்.

வாப்பா வபாத்தான பிறகு கார் என்னிடம் வந்தது. ஓர் ஆசிரியனின் சம்பளத்தில் வேறு கார் வாங்குவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். மாதம் ஒருமுறை கொழும்பில் கிளினிக். பஸ்ஸில் ஏற்ற முடியாது, வேன் பிடித்தால் சம்பளத்தில் ஒரு பகுதி போய்விடும். மிஞ்சியது மைனர். ஆனால், உம்மா அதில் ஏறிப் பத்து மைல் போகுமுன் தலையைப் பிடித்துக்கொள்வா. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சங்காயை வைத்து மோந்துகொண்டே வருவா. நிட்டம்புவைக்குக் கிட்ட வரும்போது வாந்தி. ஒருநாள் கிளினிக்கில் இறங்கியவுடன் மயங்கி விழுந்துவிட்டா. அடுத்த மாதம், "எனக்கேலா மகன். வருத்தத்தோட இருந்துக்கிறன், இந்தக் காருல ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டா.

அதில் என் பிழையும் இருந்தது. 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூ.ஆர். முறை வந்தது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் கிளினிக்குக்கென்று மிச்சம் பிடித்து ஒரு பிளாஸ்டிக் கேனில் ஐந்து லீற்றரை டிக்கிக்குள் வைத்திருந்தேன். வீடுகளில் பெற்றோல் பதுக்கித் தீப்பற்றிய செய்திகளைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை சொல்லிவிட்டு, நானே அதைச் செய்தேன். வகுப்பில் ஆவியாதல் பாடம் எடுப்பவன் நான். பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது, மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும், காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேனை வைத்துக்கொண்டு கொழும்புவரை ஓட்டினேன். பின் ஆசனத்துக்கும் டிக்கிக்கும் இடையில் இருந்தது ஒரு ஊறிப்போன மட்டை மட்டும்தான்.

கேனை எடுத்த பிறகும் மணம் போகவில்லை. அப்போதுதான் வேறெங்கோ கசிகிறது என்பதை ஒத்துக்கொண்டேன்.

கசிவைத் தேட என் கையிலிருந்த கருவி சோக்கட்டி. பாடசாலையில் கட்டை கட்டையாக உடைந்து கிடப்பவற்றைப் பொடியாக்கிக் கொண்டுவந்தேன். டிக்கியின் பலகையைத் தூக்கி, தாங்கியின் மேற்புறத்தைத் துடைத்து, பெற்றோல் அளவு காட்டும் மிதவை பூட்டியிருக்கும் வட்டத் தகட்டைச் சுற்றியும், நிரப்பும் கழுத்தைச் சுற்றியும், தைத்த விளிம்பு நெடுகிலும் அந்தப் பொடியைப் பூசினேன். தாங்கியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, ஊரின் குண்டுங்குழியுமான வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்து பார்த்தேன். விளிம்பு வெள்ளையாகவே இருந்தது. மிதவைத் தகட்டைச் சுற்றி அரைச் சந்திரன் வடிவில் சோக்கு நனைந்து பழுப்பாகியிருந்தது. கழுத்துக் குழாயின் அடியிலும் ஒரு கோடு. வேறெங்கும் இல்லை.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மைனரில் பெற்றோலை இழுக்கும் எஸ்.யூ. பம்ப் முன்னால், எஞ்சினுக்குக் கிட்டே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடிப்பது அதுதான். தாங்கியிலிருந்து முன்னால் வரும் குழாயில் எஞ்சின் ஓடும்போது இழுவைதான் உண்டு, தள்ளுகை இல்லை. அதில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர, பெற்றோல் வெளியே வருவது குறைவு. ஆகவே, ஓடும்போது காருக்குள் மணந்தால் முதலில் பார்க்க வேண்டியது தாங்கியின் தலைப்பக்கம். நானோ ஒரு மாதமாகக் காருக்கு அடியில் படுத்துக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தேன். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்தால் பம்ப் சில முறை அடித்துவிட்டு அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையில் எங்கோ பெற்றோல் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. எங்களுடையது அடங்கியது.

கேஸ்கட் கோர்க்கில் செய்தது. காய்ந்து பிஸ்கற் போல உடைந்து வந்தது. வீட்டில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒன்று செய்து போட்டேன். முதல் நான்கு நாள் மணமே இல்லை. உம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். ஒரு வாரத்தில் முன்பைவிட மோசம். கழற்றிப் பார்த்தால் அந்த டியூப் ஊதி, நெளிந்து, மழையில் முளைத்த காளான் போல இருந்தது.

அடுத்த முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் 1970லிருந்தும் மற்ற மாநிலங்களில் 1971லிருந்தும் புதிய கார்களின் தாங்கி ஆவியை வெளியே விடாமல் ஒரு கரிக் குடுவையில் பிடித்துவைக்க வேண்டுமென்று சட்டம் வந்தது என்று வாசித்திருந்தேன். கார்களிலிருந்து வரும் பெற்றோல் ஆவியும் புகையும் வெயிலில் சேர்ந்துதான் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேல் மூடுபனி போல நிற்கிறது என்பதை ஹாகன் ஸ்மிட் என்ற விஞ்ஞானி ஐம்பதுகளில் காட்டியதன் பின்விளைவு அது. கரிதானே, நம்மிடம் இல்லாததா? சிரட்டைக்கரியை இடித்து, பால்மா ரின்னில் அடைத்து, மூடியில் ஓட்டைகள் போட்டு டிக்கியில் வைத்தேன். கரி, பெற்றோல் மணத்தோடு இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அடுப்புக்கரி வேறு, செயலூட்டிய கரி வேறு. சிரட்டைக்கரியை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீராவி கொடுத்துச் சுட்டால்தான் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் திறக்கும். அப்படித் திறந்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பைக் கணக்கிட்டால் சுமார் 1000 சதுர மீற்றர் வரும். எங்கள் பாடசாலைக் கட்டடம் முழுவதையும்விடப் பெரிது. அதைச் செய்து உலகத்துக்கு அனுப்பும் நாடுகளில் முதல் வரிசையில் நிற்பதும் நாம்தான். ஹேகாப் நிறுவனம் 1973இலேயே தொடங்கியது. நம் ஊர்ச் சிரட்டை குவிந்து கிடக்க, நான் பால்மா ரின்னோடு நின்றேன்.

ஆகவேதான் அந்தப் பையோடு புறக்கோட்டைக்கு வந்தேன்.

பழைய சோனகத் தெருவில் ஆணி, குழாய், பூட்டு விற்கும் கடைகளுக்கு நடுவே, றப்பர்த் தகடுகளைப் பாய் போலச் சுருட்டி வைத்து விற்கும் ஓர் ஒடுங்கிய கடை. உள்ளே ஒரு ஹாஜியார். ஊதிய டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்க்கவில்லை.

"மாஸ்டர்தானே?"

"எப்படித் தெரியும்?"

"சைக்கிள் டியூப் போடுறது மாஸ்டர்மாரும் பள்ளிவாசல் மோதினாரும்தான்" என்றார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தார். பெற்றோலுக்குள் இரண்டு துண்டுகள் கிடந்தன. ஒன்று தடித்து நீண்டு வளைந்திருந்தது, மற்றது போட்டபடியே இருந்தது. "நீங்க எல்லாம் இதைக் காட்டினாத்தான் நம்புவீங்க" என்றார்.

தடித்தது இயற்கை றப்பர். மற்றது நைற்றைல். பிறேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகளை 1876இல் இங்கே கொண்டுவந்து நட்டது கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில். காலையில் நான் ஏறி வந்த பஸ் அந்தப் பக்கத்தால்தான் வந்திருந்தது. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் முன்னோடி நம் மண்ணின் மரம். அதன் பால் மழைக்குத் தாங்கும், பாரத்துக்குத் தாங்கும், பெற்றோலுக்கு மட்டும் தாங்காது. இரண்டும் ஐதரோகாபன்கள், ஒன்று மற்றதைத் தனக்குள் வரவேற்கும். இந்தச் சங்கதியை ஆசிரிய கலாசாலையில் நானும் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். டியூபை வெட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஹாஜியார் என் பழைய கேஸ்கட்டை அச்சாக வைத்து, நைற்றைல் கலந்த கோர்க் தகட்டில் இரண்டு வெட்டித் தந்தார். "ஒண்டு பூட்ட, ஒண்டு வைக்க. நெரிச்சுப் பூட்ட வேணாம், பிதுங்கினா அந்த இடத்தால வரும்" என்றார். காசு வாங்கும்போது, "வாப்பாட காரா?" என்று கேட்டார். ஆம் என்றேன். எப்படித் தெரியுமென்று இந்த முறை கேட்கவில்லை.

கழுத்துக் குழாய்க்குப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே கழற்றிய கார்களின் உறுப்புகள் கடை கடையாகத் தொங்கும். மைனருக்கென்று ஒரு குழாய் கிடைத்தது. பெற்றோல் போகும் சிறு குழாய்க்கு எஸ்.ஏ.ஈ. 30 ஆர் 9 என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்கினேன். சாதாரண றப்பர்க் குழாய் வெடிக்காமலேகூடத் தன் சுவர் வழியே ஆவியை மெல்ல மெல்ல விடும். இந்தியாவில் இப்போது பெற்றோலில் நூற்றுக்கு இருபது எத்தனோல் கலக்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களின் குழாய்கள் அங்கே படும் பாட்டைக் கேட்டால் நம் பாடு பரவாயில்லை.

அங்கே ஒரு வயதான சிங்கள பாஸ், றேடியேற்றர் ஒட்டுபவர், என் பையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். ஜப்பான் கார் ஒன்றில் கழற்றிய கரிக் குடுவை கண்முன்னே தொங்கியது. வாங்கிப் பூட்டலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். குடுவை பிடித்த ஆவியை எஞ்சின் ஓடும்போது இழுத்து எரிக்க ஒரு வழி வேண்டும். அது இல்லாவிட்டால் கரி நிறைந்து, பிறகு இருந்தும் இல்லாததுதான் என்றார். அத்தோடு உன் காரின் தாங்கி மூச்சு விடுவது மூடியிலுள்ள துளையால், அதை மாற்றிக் குழாய் வைத்து அந்தக் குழாயைக் குடுவைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குத் தாங்கியைத் துளைக்க வேண்டும், அதை ஊரில் யாரிடமும் கொடுத்துவிடாதே என்றார். பெற்றோல் இருக்கும் தாங்கியைவிட வெறும் தாங்கிதான் ஆளைக் கொல்லும். நிறைய ஆவி இருந்தால் எரியக் காற்றுப் போதாது. வடித்துவிட்டுக் காற்றாட வைத்த தாங்கியில் இரண்டும் சரியாகக் கலந்திருக்கும். நெருப்பைக் காட்டுமுன் நன்றாகக் கழுவி, தண்ணீரை நிரப்பி, ஒட்டும் இடத்தை மட்டும் வெறுமையாக வைத்துத்தான் தான் ஒட்டுவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இடக்கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கைவரை தோல் மெழுகு உருகியது போல இருந்தது. இளம் வயதில் ஒருமுறை கழுவாமல் ஒட்டியதாம்.

நான் குடுவையைத் தொடவில்லை. கடைசியாக அவர் சொன்னது, "அந்தத் துளையை மட்டும் அடைத்துவிடாதே" என்று. எல்லோரிடமும் சொல்வதுதான். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

2003இல் நான் அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தேன். காரை நிறுத்தும் இடம் உம்மாவின் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில். பகலெல்லாம் வெயிலில் நின்ற தாங்கி, இரவில் மூடித் துளையால் மணக்கும். அந்த நாட்களில் ராத்தாவும் நிறைமாதமாக அந்த அறையில்தான் படுத்திருந்தா. பெற்றோல் மணம் அவவுக்குக் குமட்டியது. விஞ்ஞானம் படிக்கும் தம்பி நான் இருக்கிறேனே! வாப்பா தாங்கியின் சிறு ஓட்டைகளைச் சன்லைட் சவர்க்காரத்தால் அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. அந்தக் காலத்துச் சாரதிகள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு துண்டைப் பிசைந்து மூடியின் துளைக்குள் உள்ளிருந்து அழுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாப்பா திட்டுவார் என்பதல்ல. நாளைக்கு மணமில்லை என்று எல்லோரும் வியக்கும்போது சொல்லலாம் என்று.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ராத்தாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். மாலையில்தான் வாப்பா தாங்கியை நிரப்பியிருந்தார். உம்மாவும் ராத்தாவும் பின்னால், நான் முன்னால். நான்கைந்து மைல் போயிருப்போம், தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் கார் இரண்டு முறை இழுத்து இழுத்து நின்றது. பம்ப் மட்டும் மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக அடித்தது. வாப்பா பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்தார். காபரேற்றரைத் தட்டினார். குழாயைக் கழற்றி ஊதினார். கொஞ்ச நேரத்தில் கார் இயங்கியது, நூறு யார் போய் மறுபடி நின்றது. ராத்தா சத்தம் போடவில்லை. உம்மாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தா. உம்மா ஓதிக்கொண்டே இருந்தா. அந்த வீதியில் ஒரு வாகனம் வரவில்லை. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது. காற்று உள்ளே போக வழியில்லாத போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கப் போகிறவன், பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பாதான் பின்னால் போய் மூடியைத் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மூடியைத் திருப்பி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார். சாவியின் முனையால் அந்தச் சவர்க்காரத்தைக் கிண்டி எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து காரை எடுத்தார். "என்ன வாப்பா?" என்று ராத்தா கேட்டா. "குப்பை அடைச்சிருக்கு மகள்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பத்து நிமிடத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அல்லாஹ் காப்பாற்றினான். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததென்றும், இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் என்றும் மருத்துவத்தாதி சொன்னதை நான் தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். வாப்பாவும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பதினான்கு வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அவர் வாய் தவறியாவது சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று சில வேளை நினைத்திருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. இப்போதிருந்த உடைந்த கேஸ்கட்டோடு அன்று ஓடியிருந்தால் கார் நின்றிருக்காது. காற்று அந்த வழியால் போயிருக்கும். அன்று வாப்பா எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்ததால்தான் என் சவர்க்காரம் காரை நிறுத்தியது.

ஊருக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். மாமரத்தின் கீழ், வெளியில். அடுப்பிலிருந்து தூரத்தில், கைத்தொலைபேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு. மிதவைக்குப் போகும் வயரில் பொறி வராதிருக்கப் பற்றரியை முதலில் கழற்றினேன். தாங்கியைப் பாதிக்கு வடித்தேன். தகட்டின் விளிம்பைச் சுரண்டித் துடைத்து, புதிய கேஸ்கட்டை வைத்து, ஸ்குறூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கழுத்துக் குழாயை மாற்றி இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். பின் ஆசன மட்டையை எறிந்துவிட்டு ஒட்டுப்பலகை வெட்டி, ஓரமெல்லாம் நாடா ஒட்டிப் பூட்டினேன். டிக்கிக் கதவின் றப்பரையும் மாற்றினேன். ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளேதான் இழுக்கும். கண்ணாடிகளை இறக்க இறக்க அந்த இழுவை கூடும். மணத்துக்குப் பயந்து கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, நாங்களே மணத்தைக் கூப்பிட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் விட்டேன், தாங்கியை வாய்முட்ட நிரப்புவதை. ஆறரைக் கலன், ஏறத்தாழ 29 லீற்றர் கொள்ளும் தாங்கி. நிலத்தடியில் குளிர்ந்திருந்த பெற்றோலை விளிம்புவரை ஊற்றி வெயிலில் நிறுத்தினால், பதினைந்து பாகை சூடேற அது நானூறு மில்லிலீற்றர் அளவுக்கு விரியும். அதற்கு இடமில்லையென்றால் எங்கே போகும்? இப்போது 24 லீற்றரோடு நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். செட்டில் நிற்கும் பையன் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு தடவை அழுத்தப் பார்க்கிறான். கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சோக்குப் பொடியை மறுபடி பூசி ஒரு வாரம் ஓடினேன். வெள்ளையாகவே இருந்தது. உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, முன்பு சொல்லிப் பட்டது போதும். கிளினிக் நாளன்று ராத்தாவின் மகன் காரை எடுத்தான். இருபது தாண்டிவிட்டான், நல்ல சாரதி, வாப்பாவின் கை. உம்மா எலுமிச்சங்காயோடு பின்னால் ஏறி, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டா. நான் முன்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். வரக்காபொலை தாண்டியது. முந்தானை தோளுக்கு வந்துவிட்டது. நிட்டம்புவைக்குக் கிட்ட, "கண்ணாடிய ஏத்து மகன், காத்து அடிக்குது" என்றா. அந்தக் காரில் உம்மா கண்ணாடியை ஏற்றச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏற்றினேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "வாப்பாட கார் மாதிரியே இல்ல" என்றா. அது சந்தோஷமா, குறையா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது நித்திரை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகுமுன் ஒரு குண்டூசியால் மூடியின் துளையைச் சுத்தம் செய்கிறேன். போன கிழமை மருமகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா, கிழமைக்குக் கிழமை?"

"அடைச்சா கார் நிக்கும்" என்றேன்.

"அது எப்படி அடைக்கும்?"

ஊசியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். ராத்தா இந்தச் சஞ்சிகை வாசிப்பதில்லை. அவன் வாசிப்பான்.